கடைசியாகப் பார்த்த வெயில்

இந்த மணற்கல்லைப் போல ஓர் ஊமைக் கல்லை நான் பார்த்ததில்லை. எனக்கு அரியலூர். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கால் இடறினால்கூட ஒரு நத்தைக்கல் அகப்படும். அந்த நத்தை எந்தக் காலத்துக் கடலில் திரிந்தது என்று புத்தகத்தைப் புரட்டினால் போதும், கல்லின் வயது வந்துவிடும். அப்படிச் சொகுசாக நிலவியல் படித்துவிட்டு நான் கடல் தாண்டி வந்து மாட்டிக்கொண்ட இடம் இது. பாலைவனத்துக்கு அடியில் இன்னொரு பாலைவனம். இருபத்தெட்டு கோடி வருஷத்துக்கு முன்னால் காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள் அப்படியே இறுகிக் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு கிளிஞ்சல் இல்லை, ஒரு மீன்முள் இல்லை, ஓர் இலைத் தடம்கூட இல்லை. எங்கே துளை போட்டாலும் அதே சிவப்பு, அதே பொடி.

வயது தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். முன்பெல்லாம் முழுகவில்லை. ஒரு துளையில் வரும் சிவப்பு அடுக்கும் அடுத்த துளையில் வரும் சிவப்பு அடுக்கும் ஒன்றுதானா என்று கருத்தரங்குகளில் சண்டை போடுவோம், டீ குடிப்போம், வீட்டுக்குப் போவோம். எங்கள் கம்பெனி தன் பேட்டரித் தொழிற்சாலையின் கழிவுநீரை ஏழாம் துளை வழியாகப் பூமிக்குள் செலுத்தப் போவதாக அறிவித்த பிறகுதான் அந்தச் சண்டை விளையாட்டாக இல்லாமல் போயிற்று. ஏழாம் துளைக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் தொழிலாளர் முகாம். அங்கே குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒரே ஓர் ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீரும் ஒரு சிவப்பு அடுக்கிலிருந்துதான் வருகிறது. இரண்டு அடுக்கும் ஒன்றென்றால், இங்கே ஊற்றும் விஷம் பம்பு இழுக்கிற இழுப்பில் இருபது முப்பது வருஷத்துக்குள் அங்கே குழாயில் வரும்.

முகாம் கிணற்றைப் போட்டவர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளை போடும் ரிக் வண்டி போகிற இடமெல்லாம் திருச்செங்கோட்டு ஆட்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மொட்டை வெளியில் வந்து, ‘ஏனுங்க, சாப்பிட்டீங்களா’ என்று ஒருவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. கிணறு வருவதற்கு முன்னால் முகாமுக்கு டேங்கர் தண்ணீர்தான். ஆட்களுக்கே அது பற்றாது என்பதால் குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. கிணற்றில் நல்ல தண்ணீர் வந்ததும் அனுமதி வந்தது. அர்த்தநாரியின் மனைவி தங்கமணி ஊரிலிருந்து வந்தார். மகள் முகாமிலேயே பிறந்தாள். இப்போது அவளுக்கு நாலு வயது, என்னைப் பார்த்தால் ‘கல்லு டீச்சர்’ என்பாள்.

இரண்டு அடுக்கும் ஒன்றா என்று தீர்க்கத்தான் வெயில் பெட்டி வந்தது. அதற்கு நீளமாக ஒரு விஞ்ஞானப் பெயர் உண்டு. ரிக் ஆட்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. மணல் துகளுக்கு ஒரு ஞாபகம் உண்டு. வெயில் பட்டால் அது துடைக்கப்பட்டுவிடும். வேறு மணல் மேலே விழுந்து மூடிய நாளிலிருந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சேர்ந்ததை அளந்தால், அந்தத் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று சொல்லிவிடலாம். பழைய கருவிகளில் சில லட்சம் வருஷத்துக்கு மேல் எண்ண முடியாது, துகள் நிரம்பிவிடும். நிரம்பிய துகளையும் படிக்க இந்தப் பெட்டி கற்றுக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு கோடி வருஷத்தில் ஆயிரம் வருஷம் முன்னே பின்னே இருந்தாலும் சொல்லிவிடும். இனி எங்களுக்கு நத்தையும் வேண்டாம், மீன்முள்ளும் வேண்டாம் என்று நான் பூரித்துப் போனேன்.

பெட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஏழாம் துளையின் சிவப்பு அடுக்கு, முகாம் கிணற்றின் சிவப்பு அடுக்கைவிட முப்பதாயிரம் வருஷம் மூத்தது என்றது. திட்ட இயக்குநர் ஹரிபிரசாத்துக்கு முகமெல்லாம் பல். அண்ணா நகர்க்காரர், நல்ல மனிதர்தான், பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வெட்டுவார். வயது வேறென்றால் அடுக்கும் வேறுதானே, வேலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மணல்மேடு ஓரிடத்தில் நிற்காது, காற்று தள்ளத் தள்ள நகர்ந்துகொண்டே இருக்கும், போகிற வழியெல்லாம் தன் அடி மணலைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும், அதனால் ஒரே அடுக்கு வடக்கே மூத்ததாகவும் தெற்கே இளையதாகவும்தான் இருக்கும் என்று படம் போட்டு விளக்கினேன். அவர் படத்தைப் பார்க்காமல் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், தேர் பாத்திருக்கீங்களா? காலையில கீழ வீதியில நிக்குது. சாயங்காலம் மேல வீதியில நிக்குது. நேரம் வேற வேறங்கிறதால ரெண்டு தேர்னு சொல்வீங்களா?”

“நல்லா சொல்றீங்க செல்வி. ஆனா நடுவுல அது நகர்ந்ததை யாராவது பாத்தாங்களா?”

என் முழுப்பெயர் பொற்செல்வி. வேலை ஆக வேண்டுமென்றால் மட்டும் அவருக்கு நான் செல்வி. இருந்தாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ஏழாம் துளைக்கும் முகாமுக்கும் நட்டநடுவில் ஒரு துளை போட்டு, அங்கே வயதும் நடுவில் வந்தால் மணல் நடந்து போனது நிச்சயமாகிவிடும். அப்படி ஒரே ஒரு துளைக்கு அனுமதி வாங்குவதற்குள் எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை அரையிலிருந்து ஒன்றாயிற்று. இன்னொரு துளை கிடையாது, இதோடு முடிந்தது என்று ஹரிபிரசாத் கறாராகச் சொல்லிவிட்டார்.

துளை போடுகிற பொறுப்பு அர்த்தநாரிக்கு. பூமிக்குள்ளிருந்து உருவி எடுக்கும் கல் உருளைக்கு ரிக் ஆட்கள் ‘கோர்’ என்பார்கள். அது வெளியே வந்ததிலிருந்து பெட்டிக்குள் போகிற வரை வெளிச்சமே படக்கூடாது. இந்தப் பெட்டிக்கு ஒரு தீக்குச்சி வெளிச்சம்கூடப் பெரிய வெயில். ரிக்கைச் சுற்றிக் கறுப்புப் படுதா கட்டச் சொன்னேன். டார்ச் கூடாது, போன் கூடாது, பீடி சிகரெட் கூடாது என்று ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அர்த்தநாரி எல்லோருடைய போனையும் வாங்கித் தன் டிபன் கேரியருக்குள் போட்டுப் பூட்டினார்.

கோர் வந்தது. கறுப்புக் குழாய்க்குள் பத்திரமாக வந்தது. கோரின் வெளிப்புறத்தில் சுரண்டிய மணலைப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி யோசித்துவிட்டு, இந்த மணல் கடைசியாக வெயிலைப் பார்த்தது இன்றைக்கு என்றது. மறுபடி வைத்தேன். மறுபடியும் பூஜ்யம். மூன்றாவது தடவையும் அதேதான். இருநூறு மீட்டர் ஆழத்தில், இருபத்தெட்டு கோடி வருஷமாகப் புதைந்து கிடந்த கல் இன்று காலை வெயில் காய்ந்ததாம்.

ரிக்குக்குப் போய் நான் கத்திய கத்தல் முகாம் வரை கேட்டிருக்கும். யார் டார்ச் அடித்தது என்று கேட்டேன். யாரும் அடிக்கவில்லை. போன்? அவை டிபன் கேரியரை விட்டு வெளியே வரவே இல்லை. அப்போதுதான் படுதாவுக்குள் எனக்கு ஒரு வாசனை வந்தது. கையோடு கொண்டுவந்திருந்த குழாயின் மூடியைத் தடவினேன். விரலில் விபூதி ஒட்டியது.

“அண்ணே, உள்ள என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்க மேடம். சாமி கும்பிட்டமுங்க.”

“எப்படிக் கும்பிட்டீங்க?”

“மூடியைத் தொறந்து, கோருக்குப் பொட்டு வெச்சு, சூடங்காட்டுனோமுங்க. நீங்க டார்ச்சுனு சொன்னீங்க, போனுனு சொன்னீங்க. சூடம் சாமிக்குக் காட்டறதுங்க. அதுவும் வெளிச்சக் கணக்குல வருமுங்களா?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எத்தனை பரீட்சை எழுதியிருக்கிறேன், எத்தனை நாடுகளில் வேலை பார்த்திருக்கிறேன், சூடம் என்று ஒன்றைக் கூடாதவற்றின் வரிசையில் சேர்க்க எனக்கே தோன்றவில்லை. நானும் தினமும் காலையில் காட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். வழக்கமாக ரிக்குக்குத்தானே காட்டுவீர்கள், கோருக்கு எதற்கு என்று கேட்டேன். எப்போதும் ரிக்குக்குத்தான், இது நம்ம தண்ணீர் சம்பந்தப்பட்ட கல்லாயிற்றே, நல்லபடியாகச் சொல்ல வேண்டுமே என்று கும்பிட்டோம் என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் திட்டினேன்.

பெட்டி அளந்த ஒவ்வொரு எண்ணும் நேராக அரசாங்கத்தின் நிலத்தடி அனுமதிக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும், கம்பெனி நடுவில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். ஓர் அளவு பழுதானால், அது பழுது என்று குறிக்கும் உரிமை என் ஒருத்திக்குத்தான் உண்டு. பூஜ்யம் வந்த அளவைப் பழுது என்று உடனே குறித்திருக்க வேண்டும். கோபத்தில் மறந்துபோனேன். அதைவிட அவசரமான வேலை இருந்தது. சூடத்தின் வெளிச்சம் கல்லுக்குள் எவ்வளவு ஆழம்தான் போகும்? நகக்கண் அளவு. கோரின் வெளிப்புறத்தை முழுவதும் சீவி எறிந்துவிட்டு, நடுத்தண்டை மட்டும் இருட்டிலேயே அறுத்து எடுத்தேன். விரலை அறுத்துக்கொள்ளாமல் தப்பித்ததே பெரிய காரியம்.

நடுத்தண்டு வாய் திறந்தது. ஏழாம் துளையைவிடப் பதினைந்தாயிரம் வருஷம் இளையது, முகாமைவிடப் பதினைந்தாயிரம் வருஷம் மூத்தது. சரியாக நட்டநடுவில். மணல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து போயிருந்தது. மூன்று துளையிலும் இருப்பது ஒரே அடுக்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுமதிக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஹரிபிரசாத்துக்கு ஒன்றுமாக அனுப்பினேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது, இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

ஹரிபிரசாத் கூப்பிட்டனுப்பினார். பாராட்டினார். தேர் நகர்ந்ததை ஒத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது.

“அந்தத் தேர் இங்கேருந்து முகாமுக்குப் போக முப்பதாயிரம் வருஷம் ஆச்சு, இல்லையா? அப்போ நம்ம கழிவுநீரும் போய்ச் சேர அவ்வளவு ஆகும். நம்ம காண்ட்ராக்ட் முப்பது வருஷம்தான். பிரச்சினையே இல்லையே செல்வி.”

“சார், தேர் நகர்ற வேகம் வேற. தேர் வீதியில மழைத்தண்ணி ஓடுற வேகம் வேற.”

“உங்க நம்பரைத்தானே நான் சொல்றேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. முப்பதாயிரம் என்ற எண் அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மேஜை மேல் ஒப்புதலுக்கான படிவம் தயாராக இருந்தது. அதில் ஆதாரம் என்ற இடத்தில் என் பெயர் போட்டிருந்தது. முகாமின் தண்ணீரைக் காப்பாற்ற நான் உயிரைக் கொடுத்து எடுத்த எண்ணை வைத்தே முகாமின் தண்ணீரில் விஷம் கலக்கப் போகிறார்கள்.

அனுமதிக் கம்ப்யூட்டருக்காவது எழுதலாம் என்று சட்டத்தை எடுத்துப் படித்தேன். எல்லாம் இவர்கள் பக்கமே இருந்தது. ஒரே ஒரு பிரிவைத் தவிர. ஓர் அடுக்கில் ஏதாவது ஓரிடத்தில், ஆயிரம் வருஷத்துக்குள் வெயில் பட்ட மணல் இருந்தால், அந்த அடுக்கு எங்கோ விரிசல் விட்டு மேற்பரப்போடு திறந்திருப்பதாகக் கொள்ள வேண்டும், அதற்குள் எதையும் செலுத்தக் கூடாது. படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். நடுத்துளையின் பூஜ்யம் இன்னும் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. பழுது என்று நான் குறிக்கவில்லை. குறிக்க வேண்டிய கெடு அடுத்த நாள் முடிகிறது.

பொய் அளவு பிடிக்காத பொம்பளை நான். மாணவியாக இருந்தபோது தசமப் புள்ளி தப்பாகப் போட்ட பேராசிரியரிடமே சண்டைக்குப் போனவள். அந்தப் பூஜ்யம் பூமியின் வயது இல்லை, ஒரு வில்லைச் சூடத்தின் வயது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடுத்த நாள் முழுவதும் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், மேஜையைத் துடைத்தேன், அலமாரியை அடுக்கினேன். கெடு முடிந்தது.

உத்தரவு வந்தது. ஏழாம் துளையில் எதையும் செலுத்தக் கூடாது. ஹரிபிரசாத் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கழிவுநீரைக் கப்பலில் வேறெங்கோ அனுப்ப ஏற்பாடு செய்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. முகாமில் தங்கமணி கேசரி கிளறி எல்லோருக்கும் கொடுத்தார். உங்கள் சூடம்தான் காப்பாற்றியது என்று அர்த்தநாரியிடம் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்படவும் முடியாமல் விழித்தார். என்னிடம் வாங்கிய திட்டு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

உத்தரவின் இரண்டாவது பக்கம் பத்து நாள் கழித்து ஓர் அதிகாரியோடு வந்து சேர்ந்தது. திறந்திருக்கும் அடுக்கிலிருந்து குடிதண்ணீர் எடுப்பதும் கூடாது, அசுத்தம் கலந்திருக்கலாம். அந்த அடுக்கில் உள்ள எல்லாத் துளைகளையும் சிமெண்ட் ஊற்றி அடைக்க வேண்டும். முகாம் கிணறு எப்படி இதில் வரும், அது நடுத்துளையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று நான் சண்டை போட்டேன். அதிகாரி பொறுமையாக ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மூன்று துளையிலும் இருப்பது ஒரே அடுக்கு. கீழே என் கையெழுத்து. இத்தனை பேரில் நான் சொன்னதைச் சந்தேகமே இல்லாமல் நம்பியது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

கிணறு போனால் மறுபடி டேங்கர். டேங்கர் என்றால் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. மாதக் கடைசிக்குள் பெண்களும் பிள்ளைகளும் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நான் அர்த்தநாரியின் வீட்டுக்குப் போய் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். பூஜ்யம் சூடத்தால் வந்தது என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்கிறேன், என் வேலை போனால் போகட்டும், கிணறு உங்களுக்குத் திரும்பி வந்துவிடும், ஆனால் ஏழாம் துளையில் கழிவுநீரும் இறங்கிவிடும், இருபது முப்பது வருஷத்தில் இங்கே வந்து சேரும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர்களைத் தீர்மானிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வேறு வழி தெரியவில்லை.

அர்த்தநாரி துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எழுத வேண்டாமுங்க மேடம். தண்ணி அங்கயே கெடக்கட்டும். பின்னால யாராச்சும் குடிப்பாங்க.”

தங்கமணி உள்ளேயிருந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“யாரோ குடிக்கறதுக்கு என்ர புள்ள எதுக்கு அப்பனை உட்டுப்போட்டுப் போகோணும்? அதையும் அந்தப் பொட்டியவே கேட்டுச் சொல்லுங்க.”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. என்னை எழுதச் சொல்லவும் இல்லை. டீ போடப் போனார்.

கிணற்றில் அர்த்தநாரியே சிமெண்ட் இறக்கினார். வேறு ஆள் விட்டால் அரைகுறையாக அடைத்துவிடுவார்கள் என்றார். அதற்கு முன்னால் முகாமே வரிசையில் நின்று அண்டா, குடம், வாளி என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டது.

தங்கமணியையும் மகளையும் வழியனுப்ப நானும் விமான நிலையத்துக்குப் போனேன். தங்கமணியின் பையில் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. ஊரில் மாமியாருக்குக் கொடுக்க, மகள் பிறந்த மண்ணின் தண்ணீர் என்றார். சோதனை செய்கிற பெண் பாட்டிலை வெளியே எடுத்து, தண்ணீர் உள்ளே போகக் கூடாது, கொட்டிவிடுங்கள் என்று தொட்டியைக் காட்டினாள். நான் கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன். அவள் சட்டத்தைக் காட்டினாள். வாழ்க்கை முழுக்க எனக்கு யாராவது சட்டத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

தங்கமணி மூடியைத் திருகி, மகளிடம் பாட்டிலை நீட்டி, குடி என்றார். எனக்குத் தாகமில்லை என்றது குழந்தை. பரவாயில்லை, குடி என்றார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குழந்தை நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கி, முடிந்த மட்டும் குடித்தது. மீதியைத் தங்கமணி அண்ணாந்து குடித்தார், சேலையெல்லாம் நனைந்தது. காலி பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே போனார்.